புகையில் காட்டிய கை

வளையல் கடைக்கு வந்துவிட்டுக் கையைக் காட்ட மாட்டேன் என்று நிற்கிற மனுசியை என்ன செய்வது? ராமநாதபுரம் கடைவீதியில் நானும் என் நாத்தனாரும் சேர்ந்து நடத்துகிற ஃபேன்சி ஸ்டோரில் எத்தனையோ கைகளைப் பார்த்திருக்கிறேன். மெட்டி எடுக்க வருகிறவள்கூடப் போகிற போக்கில் நாலு வளையலை மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவாள். அந்த அம்மா மட்டும் கடைக்குள் நுழையும்போதே இரண்டு கைகளையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நுழைவார். வேண்டியதைத் தாடையால் காட்டுவார். "அந்தப் பச்சை. அது இல்ல, அதுக்கு மேல." எடுத்துக் கொடுத்தால் கூட வந்த மகள் வாங்கிக்கொள்வாள்.

அவருக்குச் சிக்கல் என்கிற ஊருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். மிளகாய்க் காடும் கொஞ்சம் நஞ்சையும் உள்ள குடும்பம். வீட்டுக்காரரை வாயில் பீடி இல்லாமல் யாரும் பார்த்ததில்லை. ஒரே மகள், காலேஜ் முடித்தவள். "சிக்கல் அம்மா" என்று முகத்துக்கு நேரே சொல்வோம். முதுகுக்குப் பின்னால் என் நாத்தனார் வைத்த பெயர் "ராங்கி". கும்பிடு போட்டால் பதிலுக்குத் தலையை மட்டும் ஆட்டுகிறவருக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

திருவிழாவுக்கு அவர் ஊரில் கடை போட்டிருந்தபோதும் பார்த்தேன். பூசாரி திருநீற்றுத் தட்டை நீட்டினார். எல்லாரும் கையை ஏந்தினார்கள். இந்த அம்மா நெற்றியை நீட்டினார். பூசாரியும் பழகினவர் போலப் பூசிவிட்டு நகர்ந்தார். "கை நீட்டுனா தேஞ்சா போயிரும்?" என்றாள் நாத்தனார். நானும் சிரித்தேன்.

சிரிக்க முடியாத ஒன்றும் நடந்தது. ஒருநாள் எங்கள் கடை வாசலில் ஒரு பொடிசு தடுக்கி விழுந்து அலறியது. பக்கத்தில் நின்றது இந்த அம்மாதான். குனிந்து, முழங்கைகள் இரண்டாலும் அந்தப் பிள்ளையை அணைத்துத் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். கைகள் அப்போதும் முந்தானைக்குள்ளேயே இருந்தன. முகத்தில் அத்தனை பதைப்பு இருந்தும் விரல் ஒன்றுகூட வெளியே வரவில்லை. அழுக்குப் பார்க்கிற மனுசி இல்லை இவர், வேறு ஏதோ இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

மகளுக்குக் கல்யாணம் வந்தது. கல்யாணப் பெண்ணுக்கும் வீட்டுப் பெண்களுக்கும் கண்ணாடி வளையல் அடுக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கண்ணாடி வளையல் போட ஒரு முறை இருக்கிறது. பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கச் சொல்லி, விரல்கள் தொடங்குகிற முட்டிகளைச் சேர்த்து அமுக்கிக் குவிக்க வேண்டும். கை கூம்பினால் வளையல் வழுக்கிக்கொண்டு ஏறிவிடும். அந்தப் பெண்ணின் முட்டிகளை அமுக்கினேன். சத்தமே இல்லை. நிமிர்ந்து பார்த்தால் கண் இரண்டும் நிறைந்து நிற்கிறது, உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறாள்.

"ஏத்தா, கை என்ன இப்படி வீங்கிக் கெடக்கு?" என்றேன்.

"நீர் கோத்துருக்கும். கல்யாண அலைச்சல்ல தூக்கமில்ல" என்றாள் பக்கத்தில் இருந்த ஒருத்தி.

"எல்லாரும் சாப்பிடப் போங்க. எலை போட்டாச்சு" என்று அந்த அம்மா அத்தனை பேரையும் வெளியே அனுப்பினார். கதவை முதுகால் சாத்தினார். பிறகு முந்தானையை விலக்கினார்.

விரல்கள் எல்லாம் சுண்டுவிரல் பக்கமாக ஒருசேரச் சாய்ந்திருந்தன, தனுஷ்கோடிச் சாலையில் காற்றுக்குச் சாய்ந்தே வளர்ந்த மரங்களைப் போல. முட்டிகள் புடைத்து, நடுவிரல்கள் கொக்கியாக வளைந்திருந்தன. மணிக்கட்டில் இரண்டு தங்க வளையல்கள் கிடந்தன. எப்போதோ நல்ல கையில் போட்டவை. இப்போது அந்த முட்டிகளைத் தாண்டி அவை வெளியே வரவே முடியாது. அந்த வளையல்களைப் பார்த்துத்தான் நான் அழுதேன்.

"யாருகிட்டயும் சொல்லிராத தாயி" என்றார்.

"எப்ப இருந்துக்கா இப்படி?"

"இவளப் பெத்த பெறகு. எங்க ஆத்தாவுக்கு இருந்துச்சு. எங்க அக்காவுக்கும் இருந்துச்சு. கைமுடங்கி வீடுன்னு பேரு வந்துட்டா எம்புள்ளைய யாரு கட்டுவா?"

"வைத்தியம் பாக்கலையா?"

"பாக்கப் போனா பேரு வெளிய வந்துரும்ல."

மகள் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெரிய அளவு வளையலாகத் தேடி, சோப்புத் தண்ணீர் தடவி, மெல்ல ஏற்றினேன். அந்த அம்மா என் காதருகே குனிந்தார். அந்தக் கல்யாணத்தைப் பற்றி ஊரே முணுமுணுத்துக்கொண்டிருந்தது எனக்கும் தெரியும். பரமக்குடியிலிருந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார் பெண் கேட்டு வந்தார். அதை வேண்டாம் என்றுவிட்டு, கரிமூட்டம் போடுகிற வீட்டில் போய்ச் சம்பந்தம் பேசியவர் இந்த அம்மா. சீமைக்கருவேல மரத்தை வெட்டிக் குவித்து, மண் பூசி மூடி, உள்ளே தீயிட்டு நாள்கணக்காகப் புகையவிட்டு அடுப்புக்கரி எடுப்பார்கள். படித்த பெண்ணைப் போயும் போயும் புகைக்குள் தள்ளுகிறாளே என்று பேச்சு.

"எல்லாம் யோசிச்சுத்தான் செஞ்சேன்" என்றார் அந்த அம்மா. "எங்க ரத்தம் நீர் கோக்குற ரத்தம். புகை பட்டா நீர் வத்திரும். எங்க ஆத்தா எனக்குச் சொன்ன வைத்தியம். மூட்டத்துப் பக்கம் போனா எங்கையி கொஞ்சம் மடங்கும், தெரியுமா? இவ தெனமும் அந்தப் புகையிலயே இருந்தா இவளுக்கு இது வரவே வராது."

எனக்கும் அது சரியென்றே பட்டது. தலையில் நீர் கோத்தால் மஞ்சளைச் சுட்டு மூக்கில் புகை பிடிக்கிற ஊர் எங்கள் ஊர். ஒரு தாய் இதற்காக இடம் பார்த்துக் கட்டிக் கொடுக்கிறாளே என்று வியந்துகூடப் போனேன்.

பொங்கல் கழிந்து ஒருநாள் அந்தச் சம்பந்தி வீட்டுக்கு வளையல் கொண்டுபோனேன். களத்தில் மூட்டங்கள் மண் பூசிக்கொண்டு வரிசையாகப் புகைந்தன. காற்று வாக்கில், புகை வந்து விழுகிற பக்கமாக, இரண்டு பேர் கல்லில் உட்கார்ந்திருந்தார்கள். தாயும் மகளும். நான்கு கைகளும் புகைக்குள் நீட்டியிருந்தன. வெட்டவெளியில் அந்த அம்மா கையை எடுத்து வைத்து நான் அதுவரை பார்த்தது அங்கே மட்டும்தான். நாலடி தள்ளி நின்றால் யாருக்கும் எதுவும் தெரியாது, அப்படி ஒரு புகை. மகள் இருமினாள்.

"இருமட்டும், இருமட்டும். உள்ள போனாத்தான் வேலை செய்யும்" என்று முதுகைத் தட்டிக்கொடுத்தார் முழங்கையால்.



மகள் மாசமானாள். வளைகாப்புக்கு நாள் குறித்த வாரம், அந்த அம்மா வளையல் சொல்லிவிட்டுப் போவதற்காக டவுனுக்கு வந்தார். பஸ் நிலையம் வரைக்கும் நானும் கூடப் போனேன். படியேறும்போது கம்பியைப் பிடிக்க அந்தக் கைக்கு வலுவில்லை. என் கண் முன்னாலேயே சரிந்து விழுந்தார். கண்டக்டர் கை கொடுத்தபோதுகூடத் தன் கையை நீட்டாமல் முழங்காலை ஊன்றி எழுந்தார். எனக்குப் பொல்லாத கோபம் வந்துவிட்டது.

"இன்னிக்கு மதுரையில இருந்து மூட்டு டாக்டர் வந்துருக்காக. நீங்க வாரீகளா, இல்ல நான் இங்கன நின்னு சத்தம் போடவா?"

"நம்ம ஊர் ஆளு யாராவது அங்கன இருந்தா?"

"இருந்தா எனக்கு வாதம்னு சொல்லிக்கிறேன். வாங்க."

டாக்டர் சின்ன வயசுப் பெண். அந்த அம்மாவின் கையை வாங்கி, விரல்கள் தொடங்குகிற முட்டிகளைச் சேர்த்துப் பிடித்து மெல்ல அமுக்கினார். வளையல் போட நான் அமுக்குகிற அதே இடம், அதே பிடி. மகளின் நிறைந்த கண்கள் ஞாபகம் வந்தன.

"இது முடக்குவாதம்மா. வயசாகித் தேயுற வலி இல்ல. நம்ம உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே நம்ம மூட்டுகளைத் தாக்குது. வீட்ல வேற யாருக்காவது இருக்கா?"

"ஆத்தாவுக்கு. அக்காவுக்கு."

"ஈறுல ரத்தம் வருமா?"

"பிரஷ்ஷு புடிக்க முடியாது. பல்லெல்லாம் ஆடுது."

"வீட்ல புகை பிடிக்கிறவங்க?"

"அவுக பீடி குடிப்பாக. நாள் பூராவும்."

"நீங்க?"

அந்த அம்மா என்னைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். "சுருட்டு" என்றார்.

நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். மிளகாய்க் காடு வைத்திருக்கிற வீட்டு அம்மா, ஊருக்கே ராங்கி, சுருட்டா? இத்தனை நாளும் அவர் மேல் அடித்த புகை வாடையைக் கரிமூட்டத்து வாடை என்றே நினைத்திருந்தேன்.

"ஆசைக்கு இல்ல டாக்டர். வைத்தியத்துக்கு. மொத மொத வெரலு வீங்குனப்ப எங்க ஆத்தாதான் பத்த வச்சுக் குடுத்துச்சு. நீர் வத்தும்னு சொல்லிச்சு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு நிதானமாகச் சொன்னார். "கருவேல விதை மண்ணுக்குள்ள கெடக்குதுல்ல? கெடக்குறது எல்லாமே முளைச்சிருதா? ரத்தத்துல வர்றதும் அப்படித்தான். ஆத்தாவுக்கு இருந்தா மகளுக்கு வந்தே தீரணும்னு இல்ல. வரலாம், வராமலும் போகலாம். ஆனா அந்த ரத்தம் இருக்கிறவங்க உடம்புல புகையிலைப் புகை போச்சுன்னா, அது தண்ணி ஊத்துன மாதிரி. பொம்பளைங்களுக்கு ஆம்பளைங்களவிட இது அதிகமா வருது. ஈறு கெட்டாலும் ஆகாது. ரத்தத்த நாம மாத்த முடியாதும்மா. புகைய நிறுத்த முடியும்."

"கரிமூட்டத்துப் புகை?"

"புகையிலை உறுதியாத் தெரிஞ்ச எதிரி. வெறகுப் புகை, கரித்தூசி பத்தியெல்லாம் இன்னும் ஆராய்ஞ்சுக்கிட்டு இருக்காங்க. ஆனா உங்க மாதிரிக் குடும்பத்துல எந்தப் புகையையும் நெஞ்சுக்குள்ள இழுக்காதீங்கன்னுதான் நான் சொல்வேன். ஏன் கேக்குறீங்க?"

அந்த அம்மா தன் விரல்களை டாக்டர் முன்னால் நீட்டினார். "புகையில காட்டுனா வெரலு மடங்குதே டாக்டர்?" என்றார், கெஞ்சுகிற குரலில்.

"அது சூட்டுக்கு மடங்குதும்மா. வெந்நீர்ல முக்கினாலும் மடங்கும். சூட்டுக்காகப் போயி யாராவது புகைக்குள்ள உக்காருவாங்களா?"

எழுந்திருக்கும்போது ஒன்று கேட்டார். மாசமாக இருக்கிற மகளுக்குக் கைவீக்கம் வடிந்துவிட்டது, இனி வராதல்லவா என்று. மாசமாக இருக்கும்போது நிறையப் பேருக்கு அடங்கும், பிள்ளை பெற்றதும் திரும்ப வரும், அப்போது உடனே கூட்டி வரவேண்டும், ஆரம்பத்திலேயே மருந்து கொடுத்தால் விரலைக் கோணவிடாமல் காப்பாற்றலாம் என்றார் டாக்டர்.

சிக்கல் பஸ்ஸில் அவரை ஜன்னலோரம் உட்கார வைத்தேன். பஸ் நிறையக் கூட்டம். பஸ் புறப்படுகிற நேரம் பார்க்கிறேன், இரண்டு கைகளும் மடியில் திறந்து கிடக்கின்றன. முந்தானை நழுவியதுகூடத் தெரியவில்லை. எதிர் சீட்டுக்காரர் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எங்க ஆத்தா எனக்கு ரெண்டு குடுத்துருக்கு" என்றார் அந்த அம்மா. "ஒண்ணு ரத்தத்துல. இன்னொண்ணு கையில. பொட்டப்புள்ள கையில சுருட்டக் குடுத்தா ஊரு சிரிக்குமேன்னு நான் மூட்டத்தக் குடுத்தேன்."

வளைகாப்பு சம்பந்தி வீட்டில். பந்தலுக்கு அந்தப் பக்கம் மூட்டம் புகைகிறது. மாப்பிள்ளையும் அவர் அய்யாவும் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு பீடி பிடிக்கிறார்கள். நான் வளையல் பெட்டியோடு பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கையை அமுக்கினேன். வலியே இல்லை. கை வீங்குவதற்கு முன் போட்ட சின்ன அளவான ரெண்டு நாலு வளையல் ஓடிப்போய் ஏறியது.

"பாத்தியாம்மா, சரியாப் போச்சு" என்றாள் மகள். முகமெல்லாம் சிரிப்பு. "நீ சொன்ன மாதிரியே தெனமும் காலையில புகையில ஒக்காந்தேன். ஒருநாளும் விடல."

சம்பந்தியம்மா நல்ல மனுசி. மருமகள் மேல் உயிர். பெருமையாக எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "எங்க புகைக்கு ஓடாத நீரா? புள்ள பெத்து வரட்டும். சின்னக்குட்டிக்கும் அங்கனயே தொட்டில் கட்டச் சொல்லிட்டேன். ஆத்தாளும் புள்ளயும் மூட்டத்து ஓரமாவே இருக்கட்டும்."

பெண்கள் சிரித்தார்கள். நான் அந்த அம்மாவைப் பார்த்தேன். முகம் வெளுத்துப் போயிருந்தது. இன்னும் ஒரு நாழிகை வாயை மூடிக்கொண்டிருந்தால் மகளை ஊருக்குக் கூட்டிப்போய்த் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம். அப்படித்தான் நினைத்து வந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். தாய் வளையல் போடுகிற முறை வந்தது. எழுந்தார். அத்தனை பேர் முன்னாலும் முந்தானைக்குள்ளிருந்து கைகளை எடுத்தார்.

யாரோ ஒருத்தி "அய்யோ" என்றாள். மகள் தலையை ஆட்டி வேண்டாம், வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினாள்.

"நல்லாப் பாத்துக்க ஆத்தா" என்றார் அந்த அம்மா மகளிடம். "இத்தன வருசம் புகையில காட்டுன கையி இது."

சம்பந்தியம்மா எழுந்துவிட்டார். "என்ன மதினி இது? எப்ப இருந்து?"

"எங்க ஆத்தா காலத்துல இருந்து. உங்க மருமகளுக்கும் ஆரம்பிச்சிருச்சு. இப்ப அடங்கியிருக்கு, புள்ள பெத்ததும் வரும். புகை அதுக்கு ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாக. பீடியும் ஆகாது. எம்மகள இந்தக் களத்துக்கு இனிமே அனுப்ப மாட்டேன்."

"மறைச்சுக் கட்டிக் குடுத்துட்டீகளே." என்றார் சம்பந்தியம்மா. "நாங்களா வந்து கேட்டோம்? வாத்தியார் மாப்பிள்ளைய விட்டுட்டு எங்க மூட்டத்தத் தேடி நீங்களா வந்தீக. இப்ப எங்க புகையே ஆகாதுங்கிறீக."

"ஆமா மதினி. நாந்தான் தேடிக் கண்டுபிடிச்சுக் குடுத்தேன்" என்றார் அந்த அம்மா.

நான் ஒரு பச்சை வளையலை எடுத்து அந்தக் கொக்கி விரலில் மாட்டிவிட்டேன். அவரால் அதைத் தள்ள முடியவில்லை. விரலிலேயே தொங்கியது. மகள் அழுதுகொண்டே தன் கையைத் தானே குவித்து அதற்குள் நுழைத்துக்கொண்டாள்.

பேத்தி பிறந்தாள். பச்சை உடம்பு ஆறுவதற்குள் மகளின் விரல்கள் காலையில் மடங்க மறுத்தன. இம்முறை ஒருநாளும் தாமதிக்கவில்லை. கைக்குழந்தையோடு மதுரை பஸ் ஏறிவிட்டார்கள். குழந்தையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்ட வந்த கிழவியின் கரண்டியை முழங்கையால் தட்டித் தண்ணீரில் விழவைத்துவிட்டார் அந்த அம்மா. ஊரே திகைத்துப் போனது. சுருட்டு அன்றோடு போயிற்று. வீட்டுக்காரரின் பீடி வாசலுக்கு வெளியே போயிற்று. மாப்பிள்ளை களத்தை விட்டுச் சிக்கலில் வாடகை வீடு பார்த்தார். ஆனால் சம்பந்தியம்மா இந்த நாள் வரைக்கும் அந்த அம்மா வீட்டு வாசலை மிதிக்கவில்லை. பேத்தியைக் கோயிலில் வைத்துத்தான் பார்த்துக்கொள்கிறார்.

அந்த அம்மாவோ ஆளே மாறிப்போனார். சிக்கல் பஸ் நிலையத்தில் எவனாவது பீடி பற்றவைத்தால் போதும், முன்பின் தெரியாதவனாக இருந்தாலும் மூஞ்சிக்கு நேராகக் கையை நீட்டி, "ஏலே, பாத்துக்க" என்பாராம். பாதிப் பேர் பயந்து எறிந்துவிடுவார்களாம். ராங்கி என்கிற பெயர் போய்விட்டது. இப்போது வைத்திருக்கிற பெயர் அதைவிட மோசம், எழுத வேண்டாம்.

நான் கடைசியாக அவரைப் பார்த்தது பேத்திக்குக் கறுப்பு வளையல் எடுக்க மூவருமாக வந்தபோது. இரண்டு கைகளையும் கண்ணாடிப் பெட்டி மேல் பப்பரக்கவென்று பரப்பி வைத்துக்கொண்டுதான் நின்றார். குழந்தைக்குப் போட்டுவிட்டு, மகளுக்கும் ஒரு ஜோடி போடச் சொன்னார். மகளின் கையை வாங்கினேன். விரல்கள் நேராக இருந்தன. முட்டியை அமுக்கும்போது நான் வளையலைப் பார்க்கவில்லை, முகத்தைத்தான் பார்த்தேன்.

"வலிக்குதா?" என்றார் அந்த அம்மா.

"இல்லம்மா" என்றாள் மகள். சிரித்தாள். வளையல் ஏறிவிட்டது.

எனக்கு உண்மை தெரியவில்லை. கல்யாணத்தன்றும் அவள் சத்தம் போடவில்லை. குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு படி இறங்கும்போது, வளையல் போட்ட கை தன்னால் முந்தானைக்குள் போனது.

அந்த அம்மா நின்றார். தன் வளைந்த விரலால் மகளின் மணிக்கட்டைக் கொக்கி போட்டு வெளியே இழுத்தார்.

"கைய வெளிய வையிடி" என்றார்.